அப்பா ஓட்டிய பென்ஸ், நான் வாங்கலாமா?

கடலூரைச் சேர்ந்த வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 36. தனியார் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், 67 வயதுத் தாய் ஆகியோருடன் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். வீட்டில் இருப்பது ஒரு இரு சக்கர வாகனம் மட்டும். அவருடைய அப்பா புதுச்சேரியில் ஒரு தொழிலதிபர் வீட்டில் 19 ஆண்டுகள் கார் ஓட்டியவர். கடைசி எட்டு ஆண்டுகள் ஓட்டியது பென்ஸ். "விடியற்காலையில் போய் அந்தக் காரைத் துடைத்து நிறுத்துவார். அம்மா ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை" என்று எழுதுகிறார். அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவை ஒரு பென்ஸின் பின்சீட்டில் உட்காரவைத்து, திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

தரகர் ஒருவர் காட்டிய கார், 2012 ஆகஸ்டில் புதுச்சேரியில் பதிவான பென்ஸ் இ 250 சிடிஐ டீசல். மீட்டர் 84,000 கிலோமீட்டர் காட்டுகிறது. விலை எட்டரை லட்சம். சேமிப்பு ஐந்து லட்சம், மனைவியின் நகையை அடகு வைத்து மூன்று லட்சம், நண்பரிடம் கைமாற்றாக ஐம்பதாயிரம் என்று திட்டம். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. தரகருக்கு 25,000 ரூபாய் அட்வான்ஸ் போய்விட்டது. ஆர்.சி.யில் இருக்கும் பெயர் புதுச்சேரிக்காரர் ஒருவருடையது. அவர் வேறொருவருக்கு விற்றாராம், அந்த வேறொருவர் தரகரிடம் விட்டிருக்கிறாராம். தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவங்கள் தரகரிடம் தயாராக இருக்கின்றன. "உடனே பெயர் மாற்றத் தேவையில்லை. இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. புதுச்சேரி எண்ணாகவே வைத்துக்கொண்டால் வரி மிச்சம். வேண்டுமானால் புதுச்சேரி முகவரிக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் தயார் செய்து தருகிறேன்" என்கிறாராம் தரகர்.

வாசகர் கேட்பது இரண்டு. சட்டப்படி இதில் சிக்கல் உண்டா? எட்டரை லட்சத்துக்குப் புதிய சின்னக் கார் வாங்குவதைவிட இது லாபம்தானே?

அன்புள்ள வாசகருக்கு,

இந்தக் காரை இந்த வழியில் வாங்காதீர்கள். கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்தபோது உங்களுக்கு ஆம் என்று சொல்லத்தான் மனம் விரும்பியது. மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது கவலை வந்துவிட்டது. கடலூர் நீதிமன்றத்தில் மோட்டார் விபத்து வழக்குகளும் நுகர்வோர் வழக்குகளும் 21 ஆண்டுகளாக நடத்திவருகிறேன். தரகர் உங்களிடம் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும், அதை நம்பிக் கெட்ட ஒருவர் என் எதிரே உட்கார்ந்து சொல்லக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் ஆசையை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா எட்டு ஆண்டுகள் அந்தக் காரைக் குறையில்லாமல் வைத்திருந்தார் என்றால் அதில் பாதி அவருடைய கை. மீதிப் பாதி, பில் வந்த அன்றே கேள்வி கேட்காமல் பணம் கட்டிய முதலாளியின் பை. அப்பாவின் கை உங்களுக்கு வந்திருக்கலாம். அந்தப் பை வரவில்லை. அது உங்கள் குற்றமும் இல்லை.

எட்டரை லட்சம் என்பது காரின் விலை மட்டும்

ஆண்டுகள் போகப் போகக் காரின் விலை இறங்கும். உதிரிபாகத்தின் விலை இறங்காது. நீங்கள் பார்த்த கார் புதிதாக வந்தபோது நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது. இன்று எட்டரை லட்சத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் அதற்கு ஓர் இன்ஜெக்டர் வாங்கப் போனால், நாற்பது லட்ச ரூபாய்க் காரின் இன்ஜெக்டருக்கு என்ன விலையோ அதைத்தான் கேட்பார்கள். கியர்பாக்ஸ், ஏ.சி. கம்ப்ரஸர், டர்போ, முகப்பு விளக்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அந்த வண்டியில் இருப்பது 2,143 சி.சி. நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். நல்ல இன்ஜின், ஒழுங்காக ஆயில் மாற்றினால் நெடுங்காலம் ஓடும். ஆனால் இன்ஜினின் உள் பாகங்களை ஒரே தாளத்தில் சுழலவைக்கும் டைமிங் செயின் இதில் முன்பக்கத்தில் இல்லை, கியர்பாக்ஸ் இருக்கும் பின்பக்கத்தில் இருக்கிறது. செயின் தளர்ந்துவிட்டால், முழுமையாகச் சரிசெய்வது இன்ஜினை இறக்கும் அளவுக்குப் பெரிய வேலை. செயின் தளர்ந்திருப்பது, காலையில் குளிர்ந்த இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சில நொடிச் சத்தத்தில்தான் தெரியும். நீங்கள் பார்க்கப் போனபோது கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் முதலில் பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தேய்மானம், பழுது எதையும் காப்பீடு பார்க்காது. விபத்து என்றாலும், பத்து ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு உலோகப் பாகங்களில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு எந்த வயதிலும் 50 சதவீதம். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசியை இந்த வயதுக் காருக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். இன்னொன்று, பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பு என்று கணக்கிடுவார்கள். உங்கள் காருக்கு ஏழு லட்சம் மதிப்புப் போட்டால், ஐந்தேகால் லட்சத்தைத் தாண்டும் பில் வந்ததும் கார் கணக்கிலிருந்து போய்விடும். பென்ஸின் முன்பக்கம் நன்றாக இடித்தால் அந்தத் தொகை வருவது பெரிய விஷயம் இல்லை.

ஆகவே என் கணக்கு இது. இப்படிப்பட்ட காரை வாங்குகிற அன்று, விலை, பெயர் மாற்றம், வரி, காப்பீடு எல்லாம் போக, குறைந்தது இரண்டரை லட்சம் தனியாக வங்கியில் இருக்க வேண்டும். அதைத் தொடாமல் முதல் ஆண்டு போய்விட்டால் மகிழ்ச்சி. உங்கள் திட்டத்தில் அந்த இடத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை.

கையெழுத்துப் போட்ட படிவம் கார் ஆகாது

இதுதான் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய பகுதி. தரகரிடம் இருப்பவை படிவம் 29, படிவம் 30 ஆகியவையாக இருக்கும். உரிமை மாறியதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவங்கள் அவை. அவற்றில் கையெழுத்து இருப்பதால் மட்டும் உங்களுக்கு எதுவும் கிடைத்துவிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு விற்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். "எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்ற வாசகம் சட்டத்தில் எங்கும் இல்லை.

மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும்? ஒருநாள் கன்னியக்கோயில் அருகே ஒருவர் மீது மோதிவிட்டீர்கள் என்று வையுங்கள். அடிபட்டவர் தீர்ப்பாயத்துக்குப் போவார். ஓட்டியவர் என்ற முறையில் நீங்கள் எதிர்மனுதாரர். ஆர்.சி.யில் பெயர் இருப்பதால் அந்தப் புதுச்சேரிக்காரரும் எதிர்மனுதாரர். கார் பல கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தான் எப்போதோ விற்ற காருக்காக நீதிமன்றப் படி ஏறும் அந்த மனிதர், அதன்பின் உங்களுக்கு ஒரு கையெழுத்துப் போடுவாரா?

இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறது என்பது பாதி உண்மை. மூன்றாம் நபருக்கான, அதாவது விபத்தில் பாதிக்கப்படும் பிறருக்கான பொறுப்பு, காரோடு சேர்ந்து புதிய உரிமையாளருக்கு மாறியதாகச் சட்டத்தின் 157-ஆவது பிரிவு கருதுகிறது. ஆனால் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக மாறாது. இதையும் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்த்துவைத்துவிட்டது. பாலிசியைப் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் கார் நொறுங்கினாலும் திருடுபோனாலும் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். பாலிசியில் காட்டும் நோ கிளெய்ம் போனஸும் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) பழைய உரிமையாளருக்குச் சொந்தமானது. அது காரோடு வராது.

நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். விற்றவரின் கையெழுத்துப் போட்ட படிவங்களைப் பீரோவில் பூட்டிவைத்து, ஒன்றரை ஆண்டு கார் ஓட்டினார் என் கட்சிக்காரர். பெயர் மாற்றலாம் என்று ஒருநாள் தேடிப் போனபோது, ஆர்.சி.யில் இருந்தவர் ஏழு மாதங்களுக்கு முன்பே இறந்திருந்தார். இறந்தவரின் கையெழுத்துக்கு மேல் இன்றைய தேதியைப் போட்டால் அது மோசடி ஆவணம். நேரான வழி, வாரிசுகள் படிவம் 31 கொடுத்துத் தங்கள் பெயருக்கு மாற்றி, பிறகு விற்பது. நான்கு வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தார், இன்னொருவர் பணம் கேட்டார். முழு விலையும் கொடுத்து வாங்கிய கார் ஒரு பக்கத்து வீட்டு மரத்தடியில் நின்றது. டயரில் காற்று இறங்கி, வைப்பருக்கு அடியில் வேப்பஞ்சருகு மக்கிப்போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எனவே முதல் நிபந்தனை: ஆர்.சி.யில் பெயர் இருக்கும் மனிதர் நேரில் வர வேண்டும். அசல் ஆர்.சி.யோடும் அடையாள அட்டையோடும் வர வேண்டும். அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுக் கடன் அடமானம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால், கடன் தீர்ந்ததாக நிதி நிறுவனத்தின் சான்றும், அடமானத்தை நீக்குவதற்கான படிவம் 35-உம் இல்லாமல் பேச்சே வேண்டாம். நிலுவை அபராதங்களையும் அப்போதே பார்த்துவிடலாம். தரகர் தன்னை டீலர் என்று சொல்லிக்கொண்டால், பதிவு அலுவலகம் கொடுத்த அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். பழைய வாகன டீலர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். உரிமையாளர் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காரை ஒப்படைத்து, அதைப் படிவம் 29சி மூலம் முறையாகத் தெரிவித்திருந்தால், அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் தரகரிடம் அந்தச் சான்று இருப்பதாகக் கடிதத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

ஆல்பேட்டைக்கு இந்தப் பக்கம், முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

நம் ஊர்க்காரர்களுக்குப் புதுச்சேரி வேறு மாநிலம் போலவே தோன்றுவதில்லை. காலையில் போய் மாலையில் திரும்புகிறோம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு முள்ளோடை ஓர் எல்லை. கார் தமிழ்நாட்டில் நிரந்தரமாக நிற்கப்போகிறது என்றால், புதுச்சேரி அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்கி, கடலூரில் வரி கட்டி, தமிழ்நாட்டு எண் பெற வேண்டும். 12 மாதம் அவகாசம் உண்டு என்று நீங்கள் எழுதியிருப்பது 47-ஆவது பிரிவு. அது பதிவெண்ணுக்கான அவகாசம். வரிக்கான அவகாசம் அல்ல. வரி தமிழ்நாட்டு வரிச் சட்டத்தின் தனிக் கணக்கு. நீங்கள் கொடுக்கும் எட்டரை லட்சத்துக்குத்தான் வரி போடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். புதிதாக விற்ற விலையையும் காரின் வயதையும் வைத்துத்தான் கணக்கிடுவார்கள். வண்டி விவரத்தைக் கொண்டுபோய்க் கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தொகையைக் கேட்டு, அதைக் காரின் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

வாடகை ஒப்பந்தம் பற்றி எந்தச் சமாதானமும் வேண்டாம். நீங்கள் குடியிருக்காத வீட்டில் குடியிருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது பொய் ஆவணம். பொய்த் தகவலால் பெற்ற பதிவை 55-ஆவது பிரிவின் கீழ் ரத்து செய்யலாம். குற்ற வழக்கும் வரலாம். சொகுசுக் கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்ததற்காகக் கேரளத்தில் 2017-இல் புகழ்பெற்றவர்கள் மீதே வழக்குகள் வந்தன. அவர்களுக்கு வாதாடப் பெரிய வழக்கறிஞர்கள் இருந்தார்கள். சம்பளக்காரரான உங்களுக்கு, காவல் நிலையத்திலிருந்து ஒரு முறை அழைப்பு வந்தாலே வேலையிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதோடு, 2012 ஆகஸ்டில் பதிவான காரின் 15 ஆண்டு 2027 ஆகஸ்டில் முடிகிறது. அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. இது பென்ஸ் என்பதால் இறக்குமதிக் காருக்கான பெரிய புதுப்பிப்புக் கட்டணம் வருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாடல் புனே அருகே சாகன் ஆலையில் இணைத்துத் தயாரித்தது. ஆர்.சி.யில் இறக்குமதி என்று குறிப்பு இல்லாதவரை அந்தக் கவலை வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற காரா?

நம் கடற்கரையில் பழைய சொகுசுக் கார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. இப்படி நனைந்த கார்களை முழு இழப்பு என்று தீர்த்தபின், காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து மலிவாக எடுத்து, காயவைத்து, மெருகேற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்.சி. உயிரோடு இருப்பதால் காகிதத்தில் எதுவும் தெரியாது.

காரில் தெரியும். ஒரு நுகர்வோர் வழக்குக்காக ஒரு பட்டறையில் நின்று நானே பார்த்தேன். உள்ளே புதுத் தோல் வாசனை, ஸ்டியரிங் பளபளப்பு, மிதியடிகூடப் புதிது. மெக்கானிக் முன்சீட்டு பெல்ட்டைப் பிடித்துக் கடைசி முழம்வரை மெல்ல இழுத்தார். சுருளுக்குள்ளேயே இருந்த அந்தக் கடைசி முழத்தில், டீத்தண்ணீர் காய்ந்ததுபோல் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. பிறகு டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கினார். ஓரத்தில் விரலை விட்டு எடுத்தபோது வண்டல் ஒட்டியிருந்தது. என் கட்சிக்காரர் அப்படியே பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் மாடலில் பேட்டரி டிக்கிப் பக்கம் இருக்கிறது. மின்னணுப் பெட்டிகளும் வயரிங்கும் சீட்டுக்கு அடியிலும் தரைவிரிப்புக்கு அடியிலும் ஓடுகின்றன. அங்கே உப்பும் ஈரமும் ஏறிவிட்டால் இன்று கண்ணாடி இறங்காது, நாளை கியர் மாறாது. காரணம் தேடியே செலவு ஓடும். நான்கு பெல்ட்டுகளையும் முழுக்க இழுத்துப் பாருங்கள், டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், சீட்டின் அடிக்கம்பியில் துருவைத் தேடுங்கள்.

மீட்டர் காட்டும் 84,000 என்பது ஆண்டுக்குச் சுமார் ஆறாயிரம்தான். இருக்கக்கூடாது என்றில்லை. ஆனால் நம்புவதற்குச் சான்று வேண்டும். சேசிஸ் எண்ணை வைத்து, உரிமையாளரின் சம்மதத்தோடு, நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் பழைய சர்வீஸ் பதிவுகளைக் கேட்கலாம். அங்கேயே பணம் கட்டி முழுச் சோதனையும் ஸ்கேனும் செய்யலாம். அங்கே கொண்டுபோக விற்பவர் மறுத்தால் அந்தக் கார் வேண்டாம்.

ஏமாந்தால் வழக்குப் போட முடியுமா

முடியும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு எளிதல்ல. தனிமனிதர் ஒருவர் தன் சொந்தக் காரை விற்றால், அவர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழியில்லை, உரிமையியல் நீதிமன்றம்தான். தொழிலாகவே விற்கும் டீலர் மீதும், கமிஷன் வாங்கிச் சேவை செய்யும் தரகர் மீதும் ஆணையத்துக்குப் போகலாம். அவர் புதுச்சேரியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே மனு கொடுக்கலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு.

ஆனால் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "அவர் என்ன சொன்னார், அதற்கு என்ன சாட்சி?" விற்பவர் ஒரு குறையைச் சொல்லாமல் இருந்ததே பொதுவாக மோசடி ஆகிவிடாது. கேட்டபின் பொய் சொன்னால் அது மோசடி. அதனால் வாயால் கேட்காமல் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். வெள்ளத்தில் நின்றதா? பெரிய விபத்து உண்டா? முழு இழப்பு என்று காப்பீடு வாங்கப்பட்டதா? மீட்டர் மாற்றப்பட்டதா? எத்தனை கை மாறியது? பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

நகை

இதை வழக்கறிஞராக ஒரு வரியில் சொல்லலாம். மனைவியின் ஸ்ரீதனம் அவருடைய தனிச் சொத்து, கணவருக்கு அதில் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2024-இலும் உறுதி செய்திருக்கிறது. ஆனால் நான் சொல்ல விரும்புவது வேறு. மகளுக்கு நள்ளிரவில் உடம்பு முடியாமல் போனால் உங்கள் வீட்டில் கைக்கு எட்டுவது அந்த நகைதான். அதைக் கேட்காமல் எடுத்து வாங்கிய காரில் அவரையும் உட்காரச் சொல்வீர்கள். அம்மாவின் மனத்தாங்கலை நினைத்து நான்கு பக்கம் எழுதிய உங்களுக்கு, மனைவிக்கும் அதுபோல் ஒன்று வரும் என்பது தோன்றாமல் போகாது. இன்று இரவே சொல்லிவிடுங்கள், அட்வான்ஸ் உட்பட.

அப்படியானால் என்ன செய்யலாம்

புதிய சின்னக் காரா, பழைய பென்ஸா என்று இரண்டை மட்டும் வைத்து எடை போடுகிறீர்கள். நடுவில் நல்ல வழி இருக்கிறது. 67 வயது அம்மாவுக்கும் சிறு குழந்தைக்கும் நம்பி ஏறக்கூடிய ஒரு கார் உங்களுக்கு உண்மையிலேயே தேவை. நான்கரை லட்சத்துக்குள், ஐந்தாறு ஆண்டுப் பழைய, ஒரே உரிமையாளர் வைத்திருந்த, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட ஒரு பெட்ரோல் காரைச் சேமிப்பிலிருந்தே வாங்குங்கள். கடலூர்ப் பட்டறையிலேயே வேலை முடியும். நகை வீட்டில் இருக்கும். கொஞ்சம் பெரிய, சொகுசான கார் வேண்டும் என்று மனம் கேட்டால், 2020 வரை இங்கே விற்ற டொயோட்டா கரோலா ஆல்டிஸ் பெட்ரோல் வகையைத் தேடிப் பாருங்கள். வயது கொஞ்சம் கூடியதாகத்தான் உங்கள் தொகைக்குக் கிடைக்கும். ஆனாலும் பின்சீட்டில் உட்காருகிறவருக்கு அதில் குறை தெரியாது.

அம்மாவுக்கான பென்ஸ்? புதுச்சேரியிலோ சென்னையிலோ ஓட்டுநரோடு ஒருநாள் வாடகைக்குக் கிடைக்கிறது. அப்பாவின் நினைவு நாளில் வரச்சொல்லுங்கள். அம்மாவோடு நீங்களும் பின்சீட்டில் உட்காருங்கள். பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, அப்பா வேலை பார்த்த தெருவழியாகப் புதுச்சேரி கடற்கரைச் சாலைவரை போய்வாருங்கள். ஓட்ட வந்தவருக்கு மதியம் நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். நீங்கள் எப்படியும் அதைச் செய்வீர்கள் என்று தெரியும்.

இதற்குப் பிறகும் சொந்தமாக ஒரு பென்ஸ் வேண்டும் என்ற ஆசை இருந்தால் இரண்டு மூன்று ஆண்டு சேருங்கள். விலையும் அந்த இரண்டரை லட்சமும் உங்கள் பணமாகவே கையில் இருக்கும் நாளில் எழுதுங்கள். விற்பனை ஒப்பந்தத்தை நானே படித்துப் பார்த்துத் தருகிறேன்.

கொடுத்த 25,000

கூகுள் பே வழியாக அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, அது சாட்சி. அந்தப் பதிவைப் படம் எடுத்து வையுங்கள். தரகரோடு வாக்குவாதம் வேண்டாம். அவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"இந்தக் காருக்காகத் தங்களிடம் 25,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர் ஏழு நாளுக்குள் அசல் ஆவணங்களோடு நேரில் வந்து, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் காரைச் சோதிக்கச் சம்மதிக்க வேண்டும். இயலாவிட்டால் முன்பணத்தை இதே எண்ணுக்குத் திருப்பி அனுப்பவும்."

உரிமையாளர் வந்தே விட்டாலும் இந்தக் காருக்கு உங்களிடம் பணம் போதாது என்பதை மறக்க வேண்டாம். அவரை வரச்சொல்வது, தரகர் சொன்னதில் எது மெய் என்று எழுத்தில் தெரிந்துகொள்ளத்தான். சோதனைக்குச் சம்மதித்துவிட்டார் என்றால், விலகுவது உங்கள் முடிவாகிவிடும். அப்போது நேரில் போய், குடும்பச் சூழலைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையாளரும் வராமல், பணமும் திரும்பாமல் போனால் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பலாம். அதன்பின் கடலூர் நுகர்வோர் ஆணையம். பதில் எதுவானாலும் அழிக்காமல், ஆர்.சி. நகலோடு சேர்த்து எனக்கு அனுப்பிவையுங்கள்.